ராணியின் அறைக்கு வந்த கீறல் பளிங்கு

மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் என்று கிடந்த மரகதநாட்டை முன்பு மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனசு எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியாது. காலையில் மாலை போட்டவனை மாலையில் சிறையில் போடுவான், மறுநாள் விடிந்ததும் “அவன் எங்கே, ஆளைக் காணோமே!” என்று தேடுவான்.

அவனுடைய ராணி கோமளவல்லி கடும் காய்ச்சலில் விழுந்தாள். காய்ச்சல் விட்டும் உடம்பு தேறவில்லை. அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றுவிட்டார் வைத்தியர். ராணி பேச்சைக் குறைத்தாள், சாப்பாட்டைக் குறைத்தாள், சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஒருநாள், “வெளியே மழையும் வெயிலுமா இருக்காமே? வானவில் வந்திருக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

ராஜா சபைக்கு ஓடிவந்தான். “வானவில்லை ராணியின் அறைக்குக் கொண்டுவாருங்கள்!”

சபை திருதிருவென்று விழித்தது. அமைச்சர் சொக்கப்பர் மட்டும், “ஆகட்டும் மன்னா” என்றார்.

அவர் நேரே பளிங்கு அறுக்கும் அங்கணாசாரியிடம் போனார். ஆசாரி மூன்று பட்டை வைத்து அறுத்த பளிங்குகளை எடுத்துப் பரப்பினார். அந்தப் பளிங்கில் வெயில் பட்டால் மறுபக்கம் ஏழு நிறமாக விழும். சிலவற்றின் முகத்தில் மெல்லிய கீறல் இருந்தது, சிலவற்றில் ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழி. ஒரே ஒரு பளிங்குதான் துளி மாசு இல்லாமல் தண்ணீர்போல இருந்தது. சொக்கப்பர் எல்லாவற்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாசில்லாததைக் கடற்கரைக் காவல் கோபுரத்துக்கு அனுப்பினார். கீறல் விழுந்த ஒன்றை ராணியின் சாளரத்தில் கட்டினார்.

மறுநாள் காலை ராணியின் சுவரில் வானவில் பூத்தது. ராணி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி கேட்டாள்! ராஜா ஆனந்தத்தில் அமைச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

கருவூலத்தைப் பார்த்துக்கொள்ளும் பண்டாரத் தலைவர் கருடநாதருக்கு அது பொறுக்கவில்லை. அமைச்சரை யாராவது புகழ்ந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. விசாரித்துக்கொண்டு வந்து சபையில் நின்றார்.

“மன்னா, வாய் கூசுகிறது. ராணியாருக்கு அமைச்சர் கொடுத்தது கீறல் விழுந்த கழிவுப் பளிங்கு. மாசில்லாத பளிங்கு யாருக்குப் போயிற்று தெரியுமா? கோபுரத்துக் காவல்காரனுக்கு!”

ராஜாவின் முகம் சிவந்தது. “உண்மையா அமைச்சரே?”

“உண்மைதான் மன்னா.”

“ராணிக்குக் கழிவு, காவல்காரனுக்கு உயர்ந்ததா! இதற்குச் சரியான காரணம் சொல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீரும் அந்த ஆசாரியும் நாட்டைவிட்டுப் போகலாம்.”

“காரணத்தை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். கருடநாதரே சொல்லட்டும்” என்றார் சொக்கப்பர்.

கோபுரத்திலிருந்தும் ராணியின் சாளரத்திலிருந்தும் இரண்டு பளிங்குகளும் வந்தன. ஆசாரியையும் அழைத்துவந்தார்கள். சபையின் சாளரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒளி விழ மட்டும் இடம் விட்டு, எது எதென்று யாருக்கும் தெரியாதபடி திரையால் மறைத்தார் அமைச்சர். வெள்ளைச் சுவரில் இரண்டு வானவில்கள் விழுந்தன.

“கருடநாதரே, இதில் கீறல் பளிங்கின் நிறம் எது?”

கருடநாதர் மார்பை நிமிர்த்தினார். “என் கண் கழுகுக் கண்! இதோ, இடப்பக்கம். பாருங்கள் மன்னா, எவ்வளவு மங்கல்! நடுவில் கோடுகூடத் தெரிகிறது. வலப்பக்கம் இருப்பதல்லவா ராஜ களை!”

திரை விலகியது. இடப்பக்கம் இருந்தது மாசில்லாத பளிங்கு. வலப்பக்கம் கீறல் பளிங்கு.

சபை சிரிப்பை அடக்கிக்கொண்டது. கருடநாதர் விடவில்லை. “அப்படியானால் கோபுரத்துக்கும் கீறல் பளிங்கே போதுமே? அங்கே எதற்கு நல்லது?”

“நல்ல கேள்வி. மாடிக்கு வாருங்கள்.”

கடலைப் பார்க்கும் மாடியில், கோபுரத்திலிருந்து வந்த காவல்காரனின் தூரப்பார்வைக் குழல் காத்திருந்தது. உள்ளே பளிங்கு பொருத்தித்தான் அதில் பார்க்க முடியும். அமைச்சர் அதற்குள் கீறல் பளிங்கைப் பொருத்தினார். கருடநாதர் கண்ணை வைத்தார், மறுநொடி அலறினார். “ஐயோ! கப்பல்! உயரமான பாய்மரம்! கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள், முரசை அடியுங்கள்!”

ராஜா பதறிக் குழலைப் பிடுங்கினான். அமைச்சர் அமைதியாகப் பளிங்கை மாற்றினார். ராஜா பார்த்தான். நீலக் கடல். நாலு கட்டுமரம். வேறொன்றுமில்லை.

“பாய்மரம் எங்கே?”

“அது பளிங்கிலிருந்த கீறல், மன்னா. சுவரில் நிறம் விழுவதற்குச் சின்னக் கீறல் தடையில்லை, வெயில் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் குழலில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது அதே கீறல் கப்பலாக நிற்கும். இருந்தது ஒரே ஒரு நல்ல பளிங்கு. ராணியார் படுத்திருக்கும் ஊரைக் காக்கிறவன் கண்ணுக்கு அதைக் கொடுத்தேன்.”

ராஜா குழலைக் கீழே வைத்தான். பிறகு, யாருக்கும் அதுவரை செய்யாததைச் செய்தான். அமைச்சரையும் ஆசாரியையும் பார்த்துக் கைகூப்பினான். “என் கோமளா எழுந்து உட்கார்ந்தாள். உங்களால்தான். அதை மறந்து உங்களையே விரட்டப் பார்த்தேனே!” ஆசாரிக்குப் பட்டும் நிலமும் கிடைத்தன. “மகாராணி கஞ்சி குடிச்சாங்கல்ல, எனக்கு அது போதும் மகாராஜா” என்று ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவருக்கு என்ன தண்டனை?” என்று ராஜா கருடநாதரைக் காட்டினான்.

“வெயில் நகர்ந்தால் ராணியாரின் வானவில்லும் சுவரைவிட்டு ஓடிவிடுகிறது. பக்கத்தில் நின்று பளிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்க ஒரு கழுகுக் கண் வேண்டும்” என்றார் சொக்கப்பர்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. கருடநாதர் தலைகுனிந்து போனார்.

முதல் நாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பளிங்கைத் திருப்பினார். நிறம் சுவருக்குத் திரும்பியதும் ராணி, “ரொம்ப நன்றி அண்ணா. கை வலிக்கப்போகிறது, உட்காருங்கள்” என்றாள். கருடநாதர் திகைத்துப்போனார். அரண்மனையில் அவருக்குப் பயந்தவர்கள் உண்டு, அவரைக் கண்டு ஒளிந்தவர்கள் உண்டு. நன்றி சொன்னவர் யாருமில்லை. மறுநாள் அவர் வெயிலுக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

ராணி தேறி எழுந்து நடமாடத் தொடங்கியதும் ராஜா அவரை அழைத்தான். “கருடநாதரே, தண்டனை முடிந்தது. நீர் போகலாம்.”

கருடநாதர் பளிங்கைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“மன்னா, தப்பு செய்தவன் நான். இன்னும் கொஞ்சநாள் தண்டியுங்கள்!”