அல்லிக்குளத்து விஷம்

ஆலங்குட்டை வற்றிக்கொண்டிருந்தது. அதில் நாற்பது தவளைகள் இருந்தன. தண்ணீரோ அவற்றின் முழங்கால் அளவுதான். (தவளைக்கு முழங்கால் உண்டா என்று சந்தேகப்படுபவர்கள் ஒன்றைப் பிடித்துப் பார்க்கலாம்.) குட்டித் தவளைகளுக்கு முதுகு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

கூப்பிடு தூரத்தில் அல்லிக்குளம் நிறையத் தண்ணீரோடு கிடந்தது. யாரும் போகவில்லை. அங்கே போன குண்டன் என்ற தவளை திரும்பி வராததால், "அல்லிக்குளத்தில் விஷம்!" என்று தலைவர் பெருவாயன் போன கோடையில் பாடியிருந்தார். தலைவர் பாடுவதை எல்லோரும் சேர்ந்து மூன்று முறை பாடுவது தவளை வழக்கம். அப்படிப் பாடியதைத் திரும்பப் பெற்றதாகச் சரித்திரமே இல்லை.

அந்தக் குளத்திலிருந்து ஓர் ஆமை வந்து சேர்ந்தது.

"அங்கே விஷம் கிடையாது. முதல் ஆதாரம், நான்! பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறேன்."

"உமக்கு ஓடு இருக்கிறது ஐயா! விஷம் ஏறாது!" என்றன தவளைகள்.

"நான் ஓட்டாலா தண்ணீர் குடிக்கிறேன்? சரி, இரண்டாவது ஆதாரம். அங்கே வந்த உங்கள் குண்டனை விழுங்கியது பாம்பு. நானே பார்த்தேன்."

"அதுதான்! விஷத்தில் மயங்கியதால்தானே பாம்பிடம் மாட்டினான்!"

ஆமை ஏழாவது ஆதாரத்தை முடித்தபோது நாற்பது தவளைகளும் "விஷம்! விஷம்! விஷம்!" என்று பாடிக்கொண்டிருந்தன. முன்னைவிடச் சுருதி சுத்தமாக.

"காய்ந்து சாகுங்கள், முட்டாள்களே!" என்றது ஆமை.

சேற்றில் புரண்டுகொண்டிருந்த எருமை தலையைத் தூக்கியது.

"தலைவரே, நீங்கள் பாடியது போன கோடைத் தண்ணீரைப் பற்றித்தானே?"

"ஆமாம் எருமையக்கா. அதற்கென்ன?"

"நடுவில் ஒரு மழைக்காலம் போய்விட்டதே! இந்த வருஷத் தண்ணீரை யார் சோதித்துச் சொல்வது? நான் எந்தத் தண்ணீரானாலும் குடிப்பவள். உங்கள் நாக்குக்குத்தான் பக்குவம் தெரியும். முதுகில் ஏறுங்கள். ஒரு சொட்டு நக்கினால் போதும்."

பெருவாயன் தொண்டையைச் செருமினார். குட்டிகளைப் பார்த்தார். ஏறிக்கொண்டார்.

அல்லிக்குளத்தில் ஒரு சொட்டு நக்கினார். இன்னொரு சொட்டு. பிறகு தொபுக்கடீர் என்று உள்ளே குதித்தார்! நெடுநேரம் ஊறிய பிறகே எருமை மேல் ஏறித் திரும்பினார்.

"இந்த வருஷம் விஷம் இறங்கிவிட்டது! கண்டுபிடித்தவன் நான்!"

"இறங்கியதா? அது எப்போது இருந்த..." என்று ஆமை வாயைத் திறந்தது.

எருமை மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. ஆமை மல்லாந்தது.

"சும்மா இரும் ஐயா! நீர் ஜெயிக்க வேண்டுமா, அவர்கள் பிழைக்க வேண்டுமா?"

ஆமை வானத்தைப் பார்த்தபடி யோசித்தது. தவளைகள் "விஷம் இறங்கியது!" என்று மூன்று முறை பாடிவிட்டு, மல்லாந்து கிடந்த ஆமையைத் தாண்டித் தாண்டிக் குதித்து அல்லிக்குளத்துக்குப் போயின.

ஒருவர் தவறான நம்பிக்கையைவிட்டு வெளியே வர வேண்டுமானால், அவர் தலைகுனியாமல் வர ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும்.