துருக்கிப் படம் ஓடிய ஞாயிறு

ஏழுமரத்தூரில் உலகப் படங்களுக்கு ஆதரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அங்கே சிறுவர் உலகப்பட மன்றம் என்று ஒன்று உண்டு; அதில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் மாசிலாமணி, செயலாளர் தெய்வநாயகி, படம் ஓட்டும் அறிவழகன். மூவருக்கும் தங்கமான மனசு. அதற்கு மேல் அவர்களிடம் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது.

போன மாதம் போட்ட போலந்துப் படத்தில் பாதியிலேயே பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். இலவசமாக இடம் தரும் கல்யாண மண்டபத்துக்காரர் கோதண்டம், இன்னொரு தடவை பிள்ளைகள் எழுந்து போனால் ஞாயிற்றுக்கிழமைகளை வளைகாப்புக்கு விட்டுவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், மன்றம்தான் அவருக்கு உயிர்.

சென்னையில் பிள்ளைகளுக்கென்றே படங்கள் தேர்ந்தெடுக்கும் நித்யகல்யாணியிடம் போனில் யோசனை கேட்டார்.

"முதல்ல நீங்க குழந்தையா இருந்து படத்தைப் பாருங்க சார். பயமான இடம் வந்தா பக்கத்துல பெரியவங்க இருக்கணும். படம் போடுற அன்னிக்குத் திரையைப் பார்க்காதீங்க, பிள்ளைங்க முகத்தைப் பாருங்க. படம் எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும்."

அன்று மாலையே மூவரும் ஒரு துருக்கிப் படத்தோடு மாசிலாமணி வீட்டில் கூடினார்கள். குழந்தையாக இருக்க வேண்டுமே என்று அவர் அரை டிராயர் போட்டிருந்தார். கதையில் ஓர் ஓநாய் வந்ததும் படத்தை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் பெரியவர்கள் யாருமில்லை. மளிகைக் கடையில் இருந்த அவருடைய அண்ணனைக் கையோடு அழைத்து வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். அவர் உட்கார்ந்தவுடன் தூங்கிப்போனார்.

"தூங்குற பெரியவர் கணக்குல சேருவாரா?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

மாசிலாமணி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க அண்ணன் தூங்கினாலும் எனக்கு மூத்தவர்தான்மா."

ஓநாயை மறுபடி ஓடவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறையப் பிள்ளைகள். மூவரும் திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். விளக்கை அணைத்ததும் ஒரு முகமும் தெரியவில்லை. முகம் தெரியாமல் படத்தை எப்படி எடைபோடுவது? எல்லா விளக்குகளையும் போட்டார்கள்.

பிள்ளைகள் இவர்களைப் பார்த்தார்கள். இவர்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். முன்வரிசைப் பையன் ஒருவனின் முகத்தைக் கூர்ந்து பார்க்கக் குனிந்த மாசிலாமணி, நாற்காலியோடு குப்புற விழுந்தார். பிள்ளைகளின் சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது.

"இந்த இடத்தை ரொம்ப நல்லா எடுத்திருக்காங்க போல," என்றாள் தெய்வநாயகி.

அறிவழகன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அதைப் பார்த்த ஒரு சின்னப் பெண்ணுக்கும் உதடு துடித்தது. சோகக் காட்சியும் எடுபடுகிறது என்று மாசிலாமணி நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

கடைசிவரை ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. கதவோரம் நின்று கவனித்த கோதண்டம் வந்து, இனி ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உங்களுக்குத்தான் என்று கை கொடுத்தார். மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். திரை வெள்ளை வெளேரென்று தொங்கியது.

"படம் எப்பப்பா முடிஞ்சுது?"

"போட்டாத்தானேண்ணே முடியும்," என்றான் அறிவழகன். "நான் மிஷின்கிட்ட நின்னா பிள்ளைங்க முகத்தை யார் பார்க்கிறது?"

உடனே அவசரக் கூட்டம் நடந்தது. இவ்வளவு நன்றாகப் போனதை மாற்றக் கூடாது, அடுத்த வாரமும் படம் போட வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. எந்தப் படத்தைப் போடாமல் இருப்பது என்பதில்தான் சண்டை. தெய்வநாயகி ஜப்பான் படம் என்றாள். அறிவழகன் பிரெஞ்சுப் படம் என்றான். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஜப்பான் படம் மூணு மணி நேரம்மா. அவ்வளவு நேரம் பிள்ளைங்க உட்காராது. பிரெஞ்சுப் படம் சின்னது, அதையே போடாம இருப்போம்."