டீக்கடை பெஞ்சும் சளி டப்பாவும்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எங்கள் மலையடிவாரத்து மடத்தில் குருவாக ஓர் அம்மா உண்டு. சீடர் மாசிலாமணி அவரைவிட வயதில் பெரியவர். இருமல் உள்ளவர்களிடம் சளி வாங்கி, ஆற்றைத் தாண்டி டிபி டெஸ்டுக்குக் கொண்டுபோவது சீடரின் வேலை.

ஊரில் கோசலை என்று ஒருத்தி. இருமல் நிற்கவே இல்லை. பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்து, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டாள். பிள்ளை அழும்போது கதவுக்கு வெளியே நிற்பாள். ரவிக்கை நனைந்துவிடும். என்ன நோய் என்று தெரிந்தால்தானே மருந்து? நோய் மருந்துக்குக் கேட்டால்தானே பிள்ளை மடிக்கு வரும்?

கோசலையின் டப்பா திரும்பி வந்தது.

"வெறும் எச்சில், அம்மா" என்றார் சீடர். "பொம்பளைங்க டப்பா எல்லாமே இப்படித்தான். நெஞ்சிலிருந்து காறித் துப்பச் சொன்னால் ஏன் கேட்கமாட்டேன் என்கிறார்கள்?"

"எங்கே வைத்து வாங்கினீங்க?"

"டீக்கடையில், பெஞ்சு போட்டு. எல்லாருக்கும் கிட்டத்தில் இருக்கட்டும் என்றுதான்."

அம்மா ஒரு புது டப்பாவை எடுத்துக்கொண்டார். சீடரை அந்த டீக்கடைக்கே கூட்டிப்போனார். கோசலையின் மாமனார் உட்பட ஊர் ஆம்பளைகள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள்.

"காறித் துப்புங்க."

"இங்கேயா? எனக்கு இருமலே இல்லையே!"

"வர்றது வரட்டும்."

"சாமி கச்சேரிக்குத் தொண்டையைச் சரி பண்ணுது, தாளம் போடுங்கப்பா!" என்றது ஒரு குரல். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

சீடர் லேசாகக் கனைத்தார். டப்பாவை வாயோடு ஒட்டி வைத்துத் துப்பினார்.

அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வெறும் எச்சில்" என்றார்.

மடத்துக்குத் திரும்பினார்கள். வாசலில் சீடர் கேட்டார்.

"பெஞ்சை வேறே எங்கே போடட்டும், அம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கோசலையைக் கேளுங்க."

மறுநாள் விடியலில் சீடர் கோசலை வீட்டுக் கொல்லையில், மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் அவள் நெஞ்சு கிழிய இருமினாள். அந்த டப்பா திரும்பி வரவில்லை; மாத்திரைதான் வந்தது. இனிப் பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு...

"ஏ கோசலை! கீரை கிடக்கட்டும், பிள்ளை உன்னைத்தான் தேடி அழுவுது!"

அத்தை கூப்பிடுகிறார். மீதியைப் பிள்ளையைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு...