குட்டை உளி

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற குணசீலனுக்குப் பழைய உளிகள்மேல் பித்து. சாதாரணப் பித்தில்லை. பேத்தி பிறந்த செய்தி வந்த நேரத்தில்கூட மனிதர் ஓர் உளியின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் தில்லைநாயகிதான் அவருக்குக் குரு. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். இரும்பைத் தொட்ட மாத்திரத்தில் அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவாள். மூன்று வருஷமாக அவள் பின்னால் அலைந்து, முத்திரை படிக்கவும், இரும்பில் எஃகு ஒட்டிய கோட்டைப் பார்க்கவும், பிடி பிற்பாடு மாற்றியதா என்று கண்டுபிடிக்கவும் அவர் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் தேடிப் பிடித்துக் காட்டும் ஒவ்வோர் உளியையும் அவள் "நல்லாயிருக்கு சார்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அது அவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரே ஒரு தடவையாவது அவளை அசத்திவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

தம்மம்பட்டியில் கோயில் வாகனம் செதுக்கும் பெரியண்ணன், தனக்கு நல்ல ரம்பம் தேடிக் கொடுத்த தில்லைநாயகிக்கு நன்றியாக, அப்பா காலத்து உளிகளில் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தார். எதை எடுப்பது என்பதைக் குணசீலனிடமே விட்டுவிட்டாள் அவள்.

இருவரும் தம்மம்பட்டிக்குப் போனார்கள். பட்டறையில் உளிப் பெட்டியைத் திறந்ததும் குணசீலன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் மான் முத்திரை. தொண்ணூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தவை. அதில் ஒன்று நீளம் குறையாமல், பிடியில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் பட்ட தடமே இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தது.

"இதுதாம்மா," என்றார்.

பெரியண்ணன் மறுபேச்சே பேசவில்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரே அதைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினார்.

குணசீலன் குருவின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு சார்."

அவருக்கு ஆத்திரம் வந்தது. முத்திரை சரி, காலம் சரி, ஒரு கீறல் கிடையாது. இன்னும் என்னதான் வேண்டும்?

"அப்ப நல்ல உளியை எப்படித்தாம்மா கண்டுபிடிக்கிறது?"

பாதி செதுக்கிய குதிரை வாகனத்தின் முதுகில் ஒரு குட்டை உளி கிடந்தது. தில்லைநாயகி அதைக் கண்ணால் காட்டினாள்.

"அதைக் கேட்டுப் பாருங்க."

சாணை பிடித்துப் பிடித்துக் கழுத்துவரை தேய்ந்துபோன உளி அது. முத்திரையில் மானின் கால்கள் மட்டும்தான் மிச்சம். அதைத் தருவாரா என்று குணசீலன் பெரியண்ணனிடம் வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பெரியண்ணன் எழுந்து போய் அந்த உளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது மட்டும் வேண்டாங்க. பெட்டியோட வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க."

இரண்டும் ஒரே நாளில் அப்பா வாங்கியவை என்றார். நீளமானதற்குப் பதம் சரியில்லை, வாகை மரத்தில் நாலு தட்டுத் தட்டினால் கூர் மடங்கிவிடும், அதனால் யாரும் தொடுவதில்லை. குட்டையானது காலையில் தீட்டினால் பொழுது சாயும்வரை தாங்கும். சொல்லிக்கொண்டே அதைக் குதிரையின் இமையில் வைத்து லேசாகத் தள்ளினார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சீவல் சுருண்டு வந்தது. மரத்துக்கு உயிர் வந்து, குதிரை அவரைப் பார்த்தது.

குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தடவை பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டு, இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டு தலைமுறைக் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் பிடியில் இருந்தது. இப்படி ஒரு பொருளை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. குருவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார். நீளமானதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ் ஆத்தூரைத் தாண்டியது. குணசீலன் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தார்.

"இன்னுங் கொஞ்சம் கெஞ்சியிருந்தா குடுத்திருப்பாரும்மா."

"குடுத்திருப்பார் சார்," என்றாள் தில்லைநாயகி. "ஆனா உங்க வீட்டுக்கு வந்தா அது தேயாதே."