கவிழ்ந்து விழுந்த நான்கு

பிரேசில் நாட்டில், பயீயாக் கடலைப் பார்த்த ஒரு குன்றின் மேல் தல்வா அம்மாவின் கோயில்வீடு இருந்தது. அடிமைக் கப்பல்களின் அடித்தட்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த தெய்வங்களை அங்கே கும்பிட்டார்கள். ஒரிஷா என்று பெயர். அந்தத் தெய்வங்கள் இறங்குவது மனிதத் தலையில். அதனால் தீட்சை என்றால் அங்கே தலையைக் கொடுப்பது. கொடுத்த தலையை எந்தக் கை தொட்டதோ, உரியவர் சாகும்வரை அந்தக் கை அந்தத் தலைமேல்தான்.

எவரிஸ்தோ வந்தபோது அவனுக்கு வயது ஐம்பத்தாறு. தல்வா அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டில் வயதைத் தீட்சை நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் எவரிஸ்தோ இன்னும் பிறக்கவே இல்லை. தரையில் நெற்றி பட விழுந்து, "அம்மா" என்றான்.

"பிறக்காத பிள்ளைக்கு எவ்வளவு நரை, பாருங்கள்" என்றாள் சுல்மிரா. வீட்டின் சமையல் அவள் கையில் இருந்தது. தல்வா அம்மாவுக்கு அடுத்து, தீட்சையில் அவள்தான் அங்கே மூத்தவள்.

எவரிஸ்தோ பேருந்து ஓட்டியவன். முரசுச் சத்தம் கேட்டால் நினைவு தப்பி விழுந்துவிடுவான். ஒரு திருவிழா நாளில் வண்டி ஓட்டும்போதே அப்படி ஆகி, பேருந்து சுவரில் போய் மோதியது. அன்றோடு வேலை போயிற்று.

"மருத்துவரிடம் காட்டினாயா?" இதுதான் தல்வா அம்மா கேட்ட முதல் கேள்வி.

"காட்டினேன் அம்மா. தலைக்குள் ஒன்றுமில்லை என்கிறார்."

"இன்னொருவரிடமும் காட்டிவிட்டு வா."

காட்டிவிட்டு வந்தான். அவரும் ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

முற்றம் கூட்டினான், தண்ணீர் சுமந்தான், கோழிக்கு இறகு பிடுங்கினான். மழைக்காலம் வந்து போயிற்று. தீட்சை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், சடங்கு நீருக்கு இலை கிள்ளிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அம்மா, உங்களை எப்படி நம்புவது?"

அடுப்பங்கரையிலிருந்து சுல்மிரா எட்டிப் பார்த்தாள். "இத்தனை நாள் சாப்பிட்ட சாப்பாட்டில் இந்தச் சந்தேகம் வரவில்லையா ஐயாவுக்கு?"

"கேட்கட்டும்" என்றார் தல்வா அம்மா.

"என் தம்பி அடில்சன் தலை கொடுக்கப் போனான். வேறு ஊரில், வேறு ஒருவரிடம். அவரும் வெள்ளைதான் உடுத்தினார். உங்களைவிட இனிமையாகப் பேசினார்."

"அது ஒன்றும் பெரிய காரியமில்லை" என்றாள் சுல்மிரா.

"தீட்சை அறையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசலில் வண்டியோடு நின்றேன். உள்ளேயே வைத்திருக்கலாமா என்று அவர் கொட்டையைக் கேட்டார்."

கொட்டை என்றால் கோலாக் கொட்டை. பிளந்தால் நான்கு துண்டாகும். கேள்வியைச் சத்தமாகச் சொல்லித் தட்டில் போடுவார்கள். உட்புறம் மேலே தெரிந்தால் திறந்தது என்பார்கள்; அது சம்மதம். முதுகு தெரிந்தால் மறுப்பு. நான்கும் முதுகைக் காட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை.

"எப்படி விழுந்தது?" என்று கேட்டார் தல்வா அம்மா.

"நான்கும் கவிழ்ந்து. என் கண்ணால் பார்த்தேன். கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் பொறுக்கி எடுத்தார். மறுபடி போட்டார். தண்ணீர் தெளித்துப் போட்டார். கடைசியில் ஒரு வழியாகத் திறந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்."

கையிலிருந்த இலைக்காம்பை ஒடித்தான்.

"விடிவதற்குள் போய்விட்டான். வெள்ளைத் துணியில் சுற்றி என் வண்டியிலேயே ஏற்றினார்கள். தீட்சைக்கு மழித்த தலை. ஒவ்வொரு வளைவிலும் உருண்டது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்."

சுல்மிரா அடுப்பைத் தணித்தாள். அவளிடம் அப்போது கேலி எதுவும் இல்லை.

"இப்போது தெய்வம் என் தலையைக் கேட்கிறது. கொடுக்காவிட்டால் எந்தத் தெருவிலாவது விழுந்து சாவேன். கொடுத்தால் யார் கையில் கொடுக்கிறேன் என்று தெரிய வேண்டாமா? ஒரு வீட்டை எதை வைத்து நம்புவது அம்மா?"

தல்வா அம்மா எழுந்து கை கழுவினார். ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு கொட்டையும் எடுத்து வந்து பாயில் உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலர் செத்தார்கள், சிலர் தெருமுனைக் கிறிஸ்தவச் சபைக்குப் போய் இவர்களைப் பிசாசுக் கூட்டம் என்றார்கள். போன திருவிழாவில் தல்வா அம்மா பாட, திருப்பிப் பாடுவதற்கு சுல்மிரா ஒருத்திதான் இருந்தாள். எவரிஸ்தோ அவர்களுக்கு வேண்டியிருந்தான். அது மூவருக்கும் தெரியும்.

தல்வா அம்மா கொட்டையைப் பிளந்தார்.

"இந்தத் தலையை என் கை தொடலாமா?"

போட்டார். நான்கு துண்டும் தட்டில் உருண்டு நின்றன. நான்கும் முதுகைக் காட்டின.

சுல்மிரா வந்து குனிந்து பார்த்தாள்.

"காய்ந்த கொட்டை அம்மா" என்றாள் சுல்மிரா. "கூடையில் புதுசு கிடக்கிறது. எடுத்து வரட்டுமா?"

"வேண்டாம்."

எவரிஸ்தோவின் பக்கம் திரும்பினார். "குன்றுக்குக் கீழே ஒந்தினா அம்மாவின் வீடு இருக்கிறது. அங்கே போய்க் கேள்."

"சந்தையில் நின்று உங்களை ஏசுகிறாரே, அவரா?"

"அவரேதான். நன்றாக ஏசுவார். அவரிடம் தலை கொடுத்தவர்கள் எல்லாம் இன்றைக்கு எங்கே என்று கேள். கோபித்துக்கொண்டு போனவர்களின் வீட்டுக்குக்கூட வழி சொல்வார். செத்தவர்களின் குழியையும் காட்டுவார்."

"நான் போக மாட்டேன்."

"ஏன்?"

"இங்கே வந்த பிறகுதான் அம்மா தூங்குகிறேன்." பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "இன்னொரு வாசலில் போய் நின்று, இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்லி... என்னால் முடியாது. எனக்கு நீங்கள் போதும். நம்பிவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

"நீ நம்பினாய். கொட்டை மறுத்துவிட்டது."

"உங்களுக்கும் ஆள் வேண்டும்தானே அம்மா? பொய் சொல்லாதீர்கள்."

"வேண்டும்" என்றார் தல்வா அம்மா. "நிறையவே வேண்டும்."

"அப்படியானால் இன்னும் ஒரே ஒரு தடவை போடுங்கள். கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை நீங்கள். தொடலாமா என்று மொட்டையாகக் கேட்டால்? வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வேண்டுமானால் நான் கொண்டுவருகிறேன்."

சுல்மிரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எவரிஸ்தோ தண்ணீர்ச் செம்பை எடுக்கப் பாதி எழுந்திருந்தான். தல்வா அம்மா தட்டிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவனுடைய கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். உள்ளங்கையை விரித்து, நான்கையும் அதில் வைத்து, அவன் விரல்களை மூடினார்.

"நீயே போடு" என்றார். "திறக்கிறவரை போடு. திறக்கும். அடில்சனுக்கும் திறந்ததே."