கரிவெள்ளிக்கு வந்த ஆபத்து

முன்னொரு காலத்தில் மருதாபுரி என்றொரு நாட்டைக் கடம்பவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதினவர் யாரோ, அவர் சொன்னதே அவனுக்கு வேதம்!

அந்த ஊரில் அறுவடைத் திருவிழா முடிந்த மறு வெள்ளிக்கிழமை ஒரு சந்தை கூடும். அப்பப்பா, என்ன கூட்டம்! பானை, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பாதி விலை. விலை குறைத்த சாமானின் அடியில், எண்ணெயில் குழைத்த கரியால் ஒரு கோடு இழுப்பார்கள். வாங்கினவர்கள் அந்தக் கோட்டை அழிக்கவே மாட்டார்கள். பாதி விலைக்கு வாங்கியதை நாலு பேரிடம் காட்ட வேண்டாமா? அந்த நாளுக்குப் பெயர் கரிவெள்ளி.

சந்தைக்கு முந்தின நாள் அரசவைப் பிரமுகர் பூவராக ராயர் சபையில் எழுந்தார். சந்தைப் பொறுப்பு மந்திரி தத்துவநாதரிடம் இருந்ததில் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, சொல்லவே வாய் கூசுகிறது. தங்கள் திருமேனியோ கார்மேக நிறம். தாங்கள் முடிசூடிய வெள்ளிக்கிழமை அன்று ஊர்க்காரர்கள் கேலியாக வைத்த பெயர்தான் கரிவெள்ளி! மந்திரியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்."

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "சந்தையை மூடு! அந்தப் பெயரை ஊரெல்லாம் கூவுகிறாளே பானைக்காரி சடைச்சி, அவளைப் பொழுது சாய்வதற்குள் நாடு கடத்து!"

சடைச்சியை இழுத்து வந்தார்கள். "ஐயோ சாமி! நாளைக்கு விக்கலேன்னா எங்க தெருவுல அடுப்பே எரியாதே!" என்று அழுதாள். பாவம், வருஷம் பூராவும் அந்த ஒரு நாளை நம்பி இருப்பவள்.

மந்திரி எழுந்தார். "இந்தத் தண்டனை போதாது மகாராஜா. கரிக்கோடு போட்ட சாமான் யார் வீட்டில் இருந்தாலும் முற்றத்தில் போட்டு உடைக்க வேண்டும். வைத்திருந்தவரையும் நாடு கடத்த வேண்டும். ராஜ விசுவாசத்தில் முதல்வர் நம் ராயர். அவர் வீட்டிலிருந்தே தொடங்கலாமே!"

"என் வீடு எதற்கு?" என்று பதறினார் ராயர்.

"அதுதான் சரி. கிளம்புங்கள்!" என்று சேவகர்களை ஏவினான் ராஜா.

ஒரு நாழிகைகூட ஆகவில்லை. ராயர் வீட்டிலிருந்து இரண்டு வண்டி நிறையச் சாமான் அரண்மனை முற்றத்தில் வந்து இறங்கியது! அண்டா, தூக்குச்சட்டி, ஊஞ்சல் பலகை... எதைத் திருப்பினாலும் கரிக்கோடு. மேலே அந்தப்புரத்து ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது; அங்கேயும் கரிக்கோடு இருந்ததோ என்னவோ! வண்டியின் பின்னாலேயே ராயரின் மனைவி ஓடி வந்தார்.

"அண்டாவை உடைச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்! இருபது வருஷமா நானும் இவரும் கரிவெள்ளிக்கு முதல் ஆளாப் போய் நின்னு வாங்கினது!"

ராஜா நிமிர்ந்தான். "இருபது வருஷமா? நான் முடிசூடி எட்டு வருஷம்தானே ஆகிறது?"

ராயர் தரையைப் பார்த்தார்.

"சடைச்சி, நீ சொல். அது என்னை நினைத்து வைத்த பெயரா?"

"உங்க பாட்டனார் காலத்துல சந்தை தீப்பிடிச்சிடுச்சு சாமி. கரியேறின சாமானைப் பாதி விலைக்குப் போட்டாங்க. ஊரே திரண்டு வந்துச்சு. அதுல வந்த பேரு. கரிவெள்ளியில உங்களை நெனைக்க எங்களுக்கு ஏது சாமி நேரம்? கடையில அவ்வளவு கூட்டம்!"

ராஜாவுக்கு முகம் விழுந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். சந்தை நடக்கட்டும், பெயரும் இருக்கட்டும் என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். அப்புறம் கரி கொண்டுவரச் சொல்லி, ராயரின் தலைப்பாகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தான்.

"நாளைக்கு இவரையும் சந்தையில் நிறுத்துங்கள். பாதி விலை!"

மறுநாள் மாலை மந்திரி வந்து பணிந்தார். "எல்லாம் விற்றுவிட்டது மகாராஜா. சடைச்சியிடம் ஒரு மூடிகூட மிச்சமில்லை."

"ராயர்?"

"அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் சம்சாரம் மட்டும் வந்து பார்த்தார். பாதி விலையே அதிகம் என்று சொல்லிவிட்டு, ஒரு பானை வாங்கிக்கொண்டு போய்விட்டார்."