பன்னிரண்டரை மணிப் பூனை

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு தெருவில் ஞானதாஸ் தனியாக இருந்தார். போக்குவரத்துக் கழகத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகன் ரெஜின் தோகாவில் கிரேன் ஓட்டுகிறான். கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

அந்தத் தெருவில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் காணாமல் போயிருந்தன. அதனால் ரெஜின் தன் பள்ளித் தோழன் பென்சிகரிடம் சொல்லி, சீட்டுக்கு அடியில் ஒரு கருவி வைத்திருந்தான். பென்சிகர் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். கருவி தீப்பெட்டி அளவுதான். உள்ளே ஒரு சிம். யாராவது வண்டியை அசைத்தால் தோகாவில் ரெஜினின் போன் அலறும். வண்டி எங்கே போனாலும் போனிலுள்ள வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டிக்கொடுக்கும். அங்கிருந்தே இன்ஜினை நிறுத்தவும் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஜின் அப்பாவைக் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கட்டா. மூன்று நிமிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஞானதாஸ் முற்றத்தில் கால் இடறி வண்டியைப் பிடித்துக்கொண்டார். உடனே போன் அடித்தது.

"எப்பா, வண்டிய யாராவது தொட்டாங்களா?"

"இல்லியே மக்கா. பூனையாக்கும்."

"எந்தப் பூனை?"

"அடுத்த வீட்டு ரோசிலி வளக்கது. கறுப்பு."

பூனை, ரோசிலி, அவள் மகளின் கல்யாணம் என்று பேச்சு பதினோரு நிமிடம் நீண்டது. ரோசிலி வீட்டில் பூனை கிடையாது.

மறுநாளும் பூனை வந்தது. அதற்கு மறுநாளும். ஒருமுறை ரெஜின் சலித்துக்கொண்டான். "வேலை நேரத்துல போன் எடுத்தா ஃபோர்மேன் கத்துகான்ப்பா." அதன்பிறகு பூனை சரியாகப் பன்னிரண்டரைக்கு மட்டும் வந்தது. அப்போது தோகாவில் பத்து மணி, தேநீர் இடைவேளை.

சில வாரங்கள் கழித்து ரெஜின் பென்சிகரைக் கூப்பிட்டான். "டே, பூனை தொட்டாலே அலறுது, பெட்டில ஏதோ கோளாறு. நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியல. சரி பண்ணித் தா டே."

"இன்னைக்கே பண்ணிருதேன்" என்றான் பென்சிகர்.

அவன் கேட்டருகே வந்தபோது ஞானதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார். ஹேண்டிலில் இரு கைகளையும் வைத்து வண்டியை இரண்டு முறை உலுக்கினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டார். போன் அடித்தது. நான்காவது மணிவரை விட்டு, அப்புறம்தான் எடுத்தார்.

பேசி முடித்து நிமிர்ந்தபோது பென்சிகர் எதிரே நின்றான்.

"மாமா, பூனைக்கு ரெண்டே காலுதான் போலிருக்கு."

ஞானதாஸ் சிரிக்கவில்லை. "அவன்ட்ட சொல்லிராத பிள்ளே. சொன்னா பழையபடி ஞாயித்துக்கிழம மட்டும்னு ஆயிரும்."

"சொல்லமாட்டேன் மாமா."

மகனிடம் ஒரு வாக்கு, தகப்பனிடம் ஒரு வாக்கு. பென்சிகர் சாயங்காலம்வரை யோசித்தான். பிறகு கருவியில் ரெஜினின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் பதிந்தான். தோகாவுக்குப் போன் போட்டு, "சரியாயிட்டு டே" என்றான். ஞானதாஸிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பன்னிரண்டரைக்குப் பென்சிகரின் போன் அலறியது. மாமா நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதை அணைத்தான். முற்றத்தில் ஞானதாஸ் ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் மூன்று முறை உலுக்கினார். அதற்கடுத்த நாள் ஐந்து முறை. போன் அலறியும் மகன் கூப்பிடவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ரெஜின் வழக்கம்போல மூன்று நிமிடம் பேசினான். ஏன் கூப்பிடவில்லை என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

பதினோராவது நாள் ஹெல்மெட் போட்ட ஒருவன் கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். ஞானதாஸ் சமையலறைச் சன்னலில் நின்றிருந்தார். எதிர்வீட்டில் நான்கு பேர் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்கள். வந்தவன் வண்டியின் பூட்டை உடைத்தான். ஞானதாஸ் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். வண்டியே போகும்போது அவன் கூப்பிடாமல் இருக்க முடியாது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து வைத்துக்கொண்டார்.

பென்சிகரின் போன் அலறியது. மணி பன்னிரண்டு பத்து. "மாமாவுக்கு இன்னைக்கு என்ன அவசரமோ" என்று அதை அணைத்துப் பையில் போட்டான். முன்னால் ஓர் ஆட்டோவின் ஒயர்கள் பிரிந்து கிடந்தன. வரைபடத்தை அவன் திறந்து பார்க்கவில்லை.

பத்து மணிக்குத் தோகாவில் ரெஜின் நிம்மதியாக டீ குடித்தான்.

இருட்டும்வரை ஞானதாஸ் சன்னலை விட்டு நகரவில்லை. போன் அடிக்கவில்லை.

திருடனை விட்டுவிடுங்கள். கண்ணெதிரே வண்டி போவதைப் பார்த்தும் கத்தாத தகப்பன். தொந்தரவு நின்றால் போதும் என்றிருந்த மகன். இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய நண்பன். இவர்களில் தவறு செய்தவர் யார்?

விடை: பென்சிகர். ஞானதாஸ் வண்டியைக் கொடுத்தாவது ஓர் அழைப்பைப் பெறப் பார்த்தார். அழைப்பு வரும் வழி அடைக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. கோளாறு பெட்டியில் இல்லை என்பது ரெஜினுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் பென்சிகர் ஒருவன்தான். இரண்டு வாக்கையும் மீறாமல் அவன் ரெஜினிடம் ஒன்று சொல்லியிருக்கலாம்: "தெனம் பத்து மணிக்கு நீயே அப்பாவக் கூப்பிடு, பெட்டி சத்தம் போடாது." வரைபடத்தில் புள்ளி அணைந்துபோயிருந்ததால் போலீஸில் புகார் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அன்று அவன் அதைச் சொல்லவும் செய்தான்.

"வண்டியே போயாச்சு, இனி எந்தப் பெட்டி டே சத்தம் போடும்?" என்றான் ரெஜின்.